செம்பு உருகிய தீவில் ஒரு மஞ்சள் பூசணி

ஜப்பானின் ஹொன்ஷு, ஷிகோகு என்ற இரு பெருந்தீவுகளுக்கு இடையே அலை அடங்கிய கடல் ஒன்று கிடக்கிறது. செட்டோ உள்கடல் என்று பெயர். நூற்றுக்கணக்கான சிறு தீவுகள் அதில் சிதறிக் கிடக்கின்றன. 1934-ல் ஜப்பான் அரசு முதன்முதலாகத் தேசியப் பூங்காக்களை அறிவித்தபோது, அந்த முதல் பட்டியலிலேயே இந்தக் கடலுக்கும் இடம் கிடைத்தது. அந்தத் தீவுகளில் ஒன்று நவோஷிமா. பரப்பளவு எட்டுச் சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் மூவாயிரம் பேர். ஊனோ துறைமுகத்தில் ஏறினால் இருபது நிமிடத்தில் படகு அங்கே சேர்த்துவிடும். இன்றைய ஜப்பானியக் கலையையும் கட்டடக்கலையையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் டோக்கியோவில் தங்காமல் இந்தச் சின்னத் தீவைத் தேடி வருகிறார்கள்.

அவர்கள் தேடி வரும் இந்தத் தீவு நூறு ஆண்டுகளுக்கு முன்பு நாட்டின் அழுக்கு வேலைக்காக ஒதுக்கப்பட்ட இடம். செம்புத் தாதுவை உருக்கும்போது கந்தகப் புகை வெளியேறும். அது பயிரைக் கருக்கும், மரத்தைப் பட்டுப்போகச் செய்யும். பெருநிலத்து உழவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, உருக்காலைகள் தீவுகளுக்கு நகர்ந்தன. 1917-ல் மிட்சுபிஷி நிறுவனம் நவோஷிமாவின் வடமுனையில் உருக்காலை அமைத்தது. மீன்பிடிப்பில் மட்டும் பிழைத்த ஊருக்கு அதனால் மாதச் சம்பளம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மின்சாரம் வந்தது. வடக்கே குன்றுகள் மொட்டையாயின. பக்கத்துத் தீவுகளின் காடுகளும் புகையில் கருகின. உருக்காலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கலைத் தீவு என்று மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் படகிலிருந்து அதன் புகைபோக்கிகளைப் பார்த்துத் திகைப்பதுண்டு.

1959 முதல் 1995 வரை நவோஷிமாவின் நகரத் தலைவராக இருந்தவர் சிகாட்சுகு மியாகே. உருக்காலையை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாள் ஊர் நடுத்தெருவில் நிற்கும் என்பதை அவர் முன்னமே கண்டுகொண்டார். தீவை மூன்றாகப் பிரித்துத் திட்டம் போட்டார்: வடக்கு தொழிலுக்கு, நடுப்பகுதி குடியிருப்புக்கும் கல்விக்கும், தெற்கு இயற்கைக்கும் பண்பாட்டுக்கும். பள்ளிக் கட்டடங்களையும் நகர மன்றத்தையும் வடிவமைக்க கஸுஹிரோ இஷியை அழைத்தார். 1983-ல் எழும்பிய நகர மன்றம், கியோட்டோவின் பழைய மாளிகை ஒன்றின் சாயலில் அடுக்கடுக்கான கூரையோடு இன்றும் ஹொன்முரா கிராமத்தில் நிற்கிறது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வெளியூர்ச் செல்வந்தர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதால், மியாகேயின் பங்கை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல கட்டடம் ஊருக்கு மதிப்புத் தரும் என்ற எண்ணம் பணம் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் இருந்தது.

தெற்குக் கரையைச் சுற்றுலாத் தலமாக்க ஒரு நிறுவனம் எடுத்த முதல் முயற்சி தோற்றது. அடுத்து வந்தவர் ஓகயாமாவைச் சேர்ந்த தெட்சுஹிகோ ஃபுகுதாகே. அஞ்சல்வழிப் பாடங்களும் பாடநூல்களும் வெளியிடும் நிறுவனத்தை 1955-ல் தொடங்கியவர். உலகக் குழந்தைகள் கூடித் தங்கும் முகாம் ஒன்று இந்தக் கடலில் வேண்டும் என்பது அவர் ஆசை. 1985-ல் அவரும் மியாகேயும் சந்தித்துப் பேசி முடிவெடுத்தார்கள். மறு ஆண்டே ஃபுகுதாகே காலமானார். டோக்கியோவில் இருந்த மகன் சோய்ச்சிரோ ஊர் திரும்பித் தந்தையின் வாக்கைக் கையிலெடுத்தார். 1987-ல் தெற்கே 165 ஹெக்டேர் நிலம் வாங்கப்பட்டது. 1989-ல் மங்கோலியக் கூடாரங்களோடு முகாம் திறந்தது. அதை மேற்பார்வையிட்டவர் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ.

ஆண்டோ 1941-ல் ஒசாகாவில் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை வீரர். கட்டடக்கலைக் கல்லூரிப் படியேறாமல் தானாகவே கற்றுக்கொண்டவர்; 1995-ல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கரைப் பெற்றார். அவர் கட்டடங்களில் பூச்சு இருக்காது, வண்ணம் இருக்காது. சென்ட்ரிங் பலகையைக் கழற்றியதும் கான்கிரீட் எப்படி இருக்குமோ அப்படியே சுவராக நிற்கும். ஆனால் அந்த மேற்பரப்பு பட்டுபோல் வழுவழுப்பாக இருக்கும். பலகையின் மூட்டுக் கோடுகளும் ஆணித் துளைகளும் அளவெடுத்துப் போட்ட கோலப் புள்ளிகள்போல் வரிசை தவறாமல் தெரியும். வெறும் சுவரில் எந்த நேரத்தில் எந்த வெளிச்சம் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துக் கட்டுவது அவர் கைவண்ணம். 1992-ல் அவர் கட்டிய பெனெஸ்ஸே இல்லம் அருங்காட்சியகமாகவும் விடுதியாகவும் ஒரே கூரையின்கீழ் இயங்குகிறது. இரவு தங்குபவர்கள் மற்றவர்கள் போனபிறகும் கலைப் படைப்புகளுக்கு நடுவே உலவலாம். பெனெஸ்ஸே என்பது நன்றாக வாழ்தல் என்ற பொருளில் லத்தீன் சொற்களை இணைத்து ஆக்கிய பெயர். 1995-ல் ஃபுகுதாகே நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறியது.

1994-ல் இல்லத்தைச் சுற்றித் திறந்தவெளிக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காகக் கடலுக்குள் நீளும் பழைய படகுத்துறையின் நுனியில் ஒரு மஞ்சள் பூசணிக்காய் வைக்கப்பட்டது. இரண்டு மீட்டர் உயரம், உடலெங்கும் கறுப்புப் புள்ளிகள், பின்னால் நீலக் கடல். படைத்தவர் யயோய் குசாமா. 1929-ல் மட்சுமோட்டோவில் விதைப் பண்ணை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே புள்ளிகளும் வலைகளும் கண்முன் பரவி உலகத்தையே மூடுவதாக மனத்தோற்றங்கள் அவரை வருத்தின. அவற்றைத் தாளில் இறக்கி வைத்தே தன்னைக் காத்துக்கொண்டார். 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமே விரும்பித் தங்கி, அருகிலுள்ள கலைக்கூடத்தில் வேலை செய்துவருகிறார். கொழுத்து, கோணலாக, கர்வமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பூசணிக்காய் அவருக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஆறுதல் தந்த பொருள். 2021 ஆகஸ்டில் சூறாவளி அந்தப் பூசணியைத் துறையிலிருந்து பெயர்த்து, பாறையில் மோதி உடைத்தது. அது அலையில் புரளும் காட்சி உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு அக்டோபரில், முன்னிலும் உறுதியாகச் செய்யப்பட்ட பூசணி அதே நுனியில் வந்து அமர்ந்தது.

பூசணிக்காய் தீவின் அடையாளமாகிவிட்டது. தீவின் கதை உண்மையில் திரும்பிய இடம் கிழக்குக் கரையில் உள்ள ஹொன்முரா கிராமம். அதுவரை கலை தெற்குக் கரையிலும் ஊர் தன் பாட்டுக்கும் இருந்தன. இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட, ஹொன்முராவின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. காலியான வீட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக 1998-ல் தொடங்கியது கலைவீடுகள் திட்டம். வீட்டை இடிக்காமல், அதன் தூண்களையும் கூரையையும் பழுதுபார்த்து, உள்ளே ஒரு கலைஞரிடம் ஒப்படைப்பது அதன் வழி.

முதல் வீடு காடோயா. மூலைவீடு என்று பொருள். சுமார் இருநூறு ஆண்டு வயதுடைய அந்த வீட்டை எடுத்துக்கொண்டவர் தாட்சுவோ மியாஜிமா. இருட்டிய அறைக்குள் தரையில் ஆழமில்லாத நீர்த்தொட்டி. நீருக்குள் 125 மின்னணு எண்கள் மினுங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணி, பூச்சியம் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் இருண்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பிறப்பும் இறப்பும் மறுபிறப்பும் என்ற பௌத்த எண்ணம் அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி அந்த எண்களின் வேகத்தில் இருக்கிறது. வேகத்தைக் கலைஞர் நிர்ணயிக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து தொண்ணூற்றைந்து வயது மூத்தவர் வரை, தீவுவாசிகள் 125 பேர் ஆளுக்கோர் எண்ணைத் தத்தெடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று தாங்களே அமைத்தார்கள். சில எண்கள் பரபரவென்று ஓடுகின்றன. சில மாறுவதற்கே பொறுமையோடு காத்திருக்க வேண்டும். கலை என்றால் நமக்கென்ன என்று இருந்தவர்கள் தங்கள் எண் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தார்கள், உறவினரை அழைத்து வந்தார்கள், வெளியூர்க்காரருக்கு விளக்கினார்கள். அன்று ஐந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

இன்று ஹொன்முராவின் சந்துகளில் ஏழு கலைவீடுகள் இருக்கின்றன. மினாமிதேரா, கோயில் ஒன்று இருந்த இடத்தில் ஆண்டோ எழுப்பிய மரக் கட்டடம். அதன் வெளிச்சுவர் கரிய நிறத்தில் இருக்கும். இந்தக் கடலோர ஊர்களில் தேவதாருப் பலகையின் மேற்பரப்பைத் தீயில் கரித்து வீட்டுக்குச் சுவராக அடிப்பது பழைய வழக்கம். கரித்த பலகையை உப்புக்காற்று அரிக்காது, பூச்சி அண்டாது. உள்ளே ஜேம்ஸ் டரெல் என்ற அமெரிக்கக் கலைஞரின் படைப்பு. நுழைந்ததும் கண்முன் கையை ஆட்டினாலும் தெரியாத இருட்டு. சுவரைத் தடவியபடி நடந்து இருக்கையில் உட்கார்ந்து சில நிமிடம் பொறுத்தால், எதிரே மங்கலான ஒளித்திரை மெல்லத் துலங்கும். அந்த ஒளி முதலிலிருந்தே அங்கே இருந்தது, நம் கண்தான் இருட்டுக்குப் பழக நேரம் எடுத்துக்கொண்டது என்பது அப்போது புரியும்.

குன்றின்மேல் உள்ள கோஓ ஆலயத்தை 2002-ல் மீட்டெடுத்தவர் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ. வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிய முற்றத்தில் சிறிய மரக் கோயில். அதற்கு ஏறும் படிகள் கண்ணாடிக் கட்டிகள். அவை தரையோடு நிற்காமல் பூமிக்கடியில் உள்ள கல்லால் ஆன அறைவரை இறங்குகின்றன. மேலே விழும் வெயில் கண்ணாடி வழியாக வழிந்து கீழே இருட்டறையை எட்டுகிறது. ஆள் ஒருவர் ஒடுங்கிப் போகும் வழியில் விளக்கோடு உள்ளே சென்று திரும்பும்போது, வாசல் சட்டத்துக்குள் கடல் அடிவானம் நேர்கோடாகத் தெரியும். இது வழிபாட்டில் உள்ள கோயில் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊர்மக்களின் தெய்வத்துக்குப் புதுக்கலை கட்டிக்கொடுத்த படி அது. மற்றொரு வீடு பழைய பல்மருத்துவரின் வீடும் மருத்துவமனையுமாக இருந்தது. ஷின்ரோ ஒடாகே அதைத் தகரமும் மரமும் விளக்குமாக ஒட்டுவேலைப் படம்போல் மாற்றி, உள்ளே பெரிய சுதந்திரதேவி சிலையை நிறுத்திவிட்டார். அவரே 2009-ல் மியானோஉரா துறைக்கு அருகில் பொதுக் குளியல் கூடம் ஒன்றையும் அமைத்தார். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுச்சுவரின்மேல் ஒரு யானை நிற்கிறது. தீவின் பெரியவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் ஒரே தொட்டியில் வெந்நீரில் அமர்ந்திருப்பதைப் பார்த்தால், அருங்காட்சியகம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் உண்டா என்று தோன்றும்.

தெற்கே குன்றின் வயிற்றுக்குள் 2004-ல் திறந்தது சிச்சு கலை அருங்காட்சியகம். சிச்சு என்றால் நிலத்தடி. தேசியப் பூங்காவின் மலைத் தோற்றத்தைக் கெடுக்கக் கூடாது என்பதால் ஆண்டோ கட்டடம் முழுவதையும் பூமிக்குள் புதைத்துவிட்டார். வானிலிருந்து பார்த்தால் பச்சைக் குன்றில் சதுரமும் முக்கோணமும் செவ்வகமுமாகச் சில திறப்புகள் மட்டும் தெரியும். மண்ணுக்குள் இருந்தும் அங்கே மோனேயின் ஓவியங்களுக்கு மின்விளக்கு கிடையாது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே முதுமையில் வரைந்த அல்லிக்குள ஓவியங்கள் ஐந்து, மேலிருந்து கசிந்து வரும் பகலொளியில் மட்டுமே தெரிகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை, விரல்நுனி அளவு வெள்ளைச் சலவைக்கல் துண்டுகளால் பதித்தது. அறையின் மூலைகள் கூர்மையில்லாமல் வளைந்தவை. மேகம் ஒன்று மேலே கடந்தால் ஓவியத்தில் உள்ள குளமும் நிழலாடும். காலையில் பார்த்த ஓவியமும் மாலையில் பார்த்த ஓவியமும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்த பெரிய அறை அமெரிக்கரான வால்டர் டி மரியாவினுடையது. அகன்ற படிக்கட்டின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை. சுவர்களில் பொன்தகடு ஒட்டிய 27 மரச் சிற்பங்கள். சூரியன் நகர நகர உருண்டையின் மினுமினுப்பும் பொன்னின் நிறமும் மாறிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகம் முழுவதிலும் மூன்றே மூன்று கலைஞர்கள். குறைவாக வைத்து நிறையப் பார்க்கச் செய்வது இதன் நோக்கம். நூறு ஓவியங்களை ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

பக்கத்துத் தீவு தெஷிமா. வளமான தீவு என்பது அந்தப் பெயரின் எழுத்துகள் தரும் பொருள். ஊற்றுநீர் வற்றாததால் சிறு தீவாக இருந்தும் நெல் விளைந்த மண். அந்தத் தீவின் மேற்கு முனையில் 1970-களின் இறுதியிலிருந்து ஒரு நிறுவனம் கார்களை உடைத்த கழிவும் எண்ணெய்க் கழிவும் நச்சுச் சேறும் கொண்டுவந்து கொட்டி எரித்தது. மக்கள் முறையிட்டார்கள், மாவட்ட நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. 1990-ல் வேறு மாவட்டத்துக் காவல்துறை வந்து சோதனையிட்ட பிறகுதான் கொட்டுவது நின்றது. குப்பை மட்டும் அங்கேயே கிடந்தது. தெஷிமா மீன், தெஷிமா காய் என்றால் சந்தையில் முகம் சுளித்தார்கள். பெரும்பாலும் வயதானவர்களான தீவுவாசிகள் போராட்டத்தைக் கைவிடவில்லை. 2000-ல் உடன்பாடு ஏற்பட்டது. ஆளுநர் மக்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். சுமார் ஒன்பது லட்சம் டன் கழிவும் நச்சு மண்ணும் அள்ளி, கப்பலேற்றிக் கொண்டுபோய் உருக்கிச் சுத்திகரித்தார்கள். அந்த ஆலை அமைந்த இடம் நவோஷிமா. பக்கத்து ஊரின் நஞ்சை வாங்கிக்கொள்ள முன்வந்த தீவும், மோனேயின் அல்லிக் குளம் இருக்கும் தீவும் ஒன்றே. 2003-ல் தொடங்கிய அந்த வேலை 2017-ல்தான் முடிந்தது.

இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால் தெஷிமா கலை அருங்காட்சியகம் வேறு விதமாகத் தெரியும். கடலை நோக்கி இறங்கும் வயல்வெளிக்கு நடுவே, நீர்த்துளி ஒன்று விழுந்து நின்றதுபோல் வெள்ளைக் கான்கிரீட் ஓடு. நீளம் சுமார் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. வடிவமைத்தவர் ரியூவே நிஷிசாவா. 2010-ல், இது திறந்த அதே ஆண்டில், கஸுயோ செஜிமாவோடு சேர்ந்து பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். இவ்வளவு தட்டையான வளைவைப் பலகை அடித்து வார்ப்பது முடியாத காரியம். எனவே முதலில் மண்ணைக் குவித்து மேடாக்கி, கையால் தட்டி வழித்து வேண்டிய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மண்மேட்டின்மேல் கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றினார்கள். அது இறுகியபின் உள்ளேயிருந்த மண்ணைத் தோண்டி வெளியேற்றினார்கள். எஞ்சியது 25 சென்டிமீட்டர் கனமுள்ள ஓடு.

உள்ளே ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை. கூரையில் இரண்டு பெரிய திறப்புகள், கண்ணாடி கிடையாது. காற்று வரும், மழை வரும், பறவையின் குரல் வரும், சில சமயம் பூச்சியும் வரும். ரெய் நைட்டோவின் படைப்பு தரையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகளிலிருந்து நீர் ஊறி, முத்தாகத் திரண்டு, தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் உருள்கிறது. ஒரு துளி நகர்ந்து இன்னொன்றைத் தொட்டு ஒன்றாகிறது. கனம் கூடியதும் பாம்புபோல் நெளிந்து சரிவில் ஓடுகிறது. தாழ்வான இடத்தில் குட்டையாகத் தேங்குகிறது. அன்றன்று காலையில் தொடங்கி நாள் முழுதும் இதுதான் நடக்கிறது. வருகிறவர்கள் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து, சிலர் படுத்தும்கூட, ஒரு மணி நேரம் பேசாமல் பார்க்கிறார்கள். நச்சுக் குப்பையால் பெயர் கெட்ட தீவில், தண்ணீரையே கலையாக்கி வைத்திருக்கிறார்கள். இக்காலக் கட்டடங்களில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அருங்காட்சியகத்தைச் சுற்றித் தரிசாகிக் கிடந்த படிக்கட்டு வயல்களையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீட்டு, மறுபடி நெல் நட்டார்கள் என்பது அந்தக் கட்டடத்துக்குக் குறையாத சாதனை.

தெஷிமாவின் கடலோரக் குடில் ஒன்றில் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியான் போல்டான்ஸ்கி உலகெங்கும் பதிவுசெய்த இதயத் துடிப்புகளைச் சேமித்து வைத்தார். இருட்டறையில் ஒரே ஒரு குண்டு விளக்கு, ஒலிக்கும் இதயத்தின் துடிப்புக்கேற்ப எரிந்து அணைகிறது. வருகிறவர்களும் தங்கள் துடிப்பைப் பதிந்துவிட்டுப் போகலாம். போல்டான்ஸ்கி 2021-ல் மறைந்தார். துடிப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

மூன்றாவது தீவான இனுஜிமா மிகச் சிறியது. அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மேல். அங்கே 1909-ல் தொடங்கிய செம்பு உருக்காலை, செம்பு விலை சரிந்ததால் பத்தே ஆண்டில் மூடப்பட்டது. உருக்கிய கசடை வார்த்துச் செய்த கருங்கற்களும் உயர்ந்த புகைபோக்கியும் தொண்ணூறு ஆண்டு காடு மண்டிக் கிடந்தன. கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி அந்த இடிபாட்டையே அருங்காட்சியகமாக்கினார், 2008-ல் திறந்தது. குளிர்சாதனம் இல்லை. பூமியின் குளிர்ச்சியோடு காற்று உள்ளே வருகிறது, வெயிலில் சூடேறுகிறது, பழைய புகைபோக்கி அதை மேலே இழுத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் நஞ்சைக் கக்கிய அதே குழாய் இன்று கட்டடத்துக்கு மூச்சுக்குழாய். உள்ளே யுகினோரி யனாகி, எழுத்தாளர் யுகியோ மிஷிமா வாழ்ந்த வீட்டின் கதவுகளையும் சட்டங்களையும் அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஜப்பான் பணத்தையும் தொழிலையும் துரத்தித் தன்னைத் தொலைத்துவிட்டதாக மிஷிமா கருதினார். அந்தக் குற்றச்சாட்டை வைக்க, பத்தாண்டு ஓடிக் கைவிடப்பட்ட ஆலையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

2010-ல் இந்த மூன்று தீவுகளையும் சுற்றியுள்ள மற்றவற்றையும் இணைத்து செட்டோஉச்சி முவ்வாண்டுக் கலைவிழா பிறந்தது. இயக்குநர் ஃப்ராம் கிடகாவா. நீகதா மாவட்டத்தின் பனிமலைக் கிராமங்களில் 2000-ல் இதேபோன்ற விழாவைத் தொடங்கி நடத்தியவர். முதல் விழாவுக்கே ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2019-ல் அது பதினொரு லட்சத்தைத் தாண்டியது. சின்ன இறால்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட தன்னார்வலர் படை ஒன்று விழா இல்லாத காலத்திலும் தீவுகளுக்குப் போய் களை பறிக்கிறது, ஊர்த் திருவிழாவில் தோள்கொடுக்கிறது. தெஷிமாவில் பழைய வீட்டைத் திருத்திய உணவகத்தில் டோக்கியோ விடுதிச் சமையற்காரர்களோடு சேர்ந்து ஊர்ப் பெண்கள் தங்கள் மீனையும் காய்கறியையும் சமைக்கிறார்கள்.

ஓகிஜிமா என்ற தீவில் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும். சந்துகளில் வண்டி போகாது. அங்குள்ள பாட்டிமார்கள் காய்கறியும் மண்ணெண்ணெயும் ஏற்றித் தள்ளிப்போகும் நான்கு சக்கரக் கைவண்டிக்கு ஓன்பா என்று பெயர். கலைஞர்கள் சிலர் அங்கே பட்டறை போட்டு, ஒவ்வொரு பாட்டியின் வண்டியையும் அவர் விருப்பப்படி வண்ணமடித்து, பழுதுபார்த்துத் தந்தார்கள். அருங்காட்சியகத்தில் வைக்காமல், மறுநாளே கத்தரிக்காய் ஏற்றிப்போன கலை அது. 2013 விழாவுக்கு வந்த சில குடும்பங்கள் அத்தீவிலேயே குடியேற விரும்பின. பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடந்த பள்ளி 2014-ல் மறுபடி திறந்தது.

ஓஷிமாவின் கதை இன்னும் கனமானது. 1909-ல் அங்கே தொழுநோயாளர் இல்லம் அமைந்தது. மருந்து கண்டுபிடித்த பின்பும் அவர்களைக் கட்டாயமாக ஒதுக்கிவைத்த சட்டம் 1996-ல்தான் நீங்கியது. அதற்குள் பலர் குடும்பத்தையும் சொந்தப் பெயரையும் இழந்து முதுமை எய்திவிட்டார்கள். கலைவிழா அந்தத் தீவுக்கும் படகு விட்டது. அவர்கள் பயன்படுத்திய பொருள்களும் அவர்கள் சொன்ன வாழ்க்கையும் அங்கே காட்சிக்கு உள்ளன. யாரும் காலடி வைக்க அஞ்சிய கரையில் இளைஞர்கள் இறங்கி நடக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நவோஷிமாவில் ஒரு காலத்தில் ஏழாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். கலை வந்தபின்னும் மக்கள்தொகை மீண்டும் ஏறவில்லை. விழாக்காலத்தில் சிறு படகுகளில் இடம் போதாமல் தீவுவாசிகளே காத்திருக்க நேர்கிறது. எல்லாம் ஒரு குடும்பத்தின் செல்வத்தையும் பொறுமையையும் நம்பி எழுந்தவை. இதைப் பார்த்து ஜப்பானின் வேறு ஊர்களும் கலைவிழா தொடங்கின. அவற்றில் சில கூட்டம் கலைந்ததும் அடங்கிவிட்டதற்குக் காரணம், முப்பது ஆண்டு காத்திருக்க அங்கே ஆளில்லை. சிலையை இறக்குமதி செய்வது எளிது. 125 பேரை உட்காரவைத்து அவரவர் எண்ணின் வேகத்தைக் கேட்பதற்குத்தான் காலம் பிடிக்கும்.

2025 மே 31-ல் நவோஷிமா புதிய கலை அருங்காட்சியகம் திறந்தது. இத்தீவில் ஆண்டோ கட்டிய பத்தாவது கட்டடம் அது. தரைக்குமேல் ஒரு தளம், கீழே இரண்டு. இதுவரை மேற்கத்தியக் கலைஞர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் பெரும்பங்கு கிடைத்த தீவில், இது ஆசியாவுக்கென்று எழுந்த இடம். முதல் கண்காட்சியில் ஜப்பானின் தகாஷி முரகாமி, சீனாவில் பிறந்த ட்சாய் குவோ சியாங், கொரியாவின் டோ ஹோ சு ஆகியோரோடு மைசூரைச் சேர்ந்த என்.எஸ். ஹர்ஷாவின் படைப்பும் இடம்பெற்றது. புதிய கட்டடம் இருப்பது தெற்குக் கரையில் அல்ல. ஹொன்முராவின் மேட்டில், கரித்த பலகை வீடுகளுக்கு அருகே, ஊர்மக்கள் நடந்து போகக்கூடிய தூரத்தில்.